வலிப்பு நோயும் மூளையின் பயிற்சியும்

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கலக்கும் இடத்திற்கு அருகில் அமைந்த ஊர் மூதூர். ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். கடற்றொழில் செய்வோரும் கமம் செய்வோரும் அடுத்தடுத்து வாழ்கின்ற இத்தகைய ஊரில் ஒருவருக்கு வலிப்பு நோய் உண்டாயின், அதனால் வரும் இடர் நகரத்தார் அறியாதது. வள்ளத்தில் நின்று வலை இழுப்பவருக்கு ஒரு நிமிட நேர நினைவிழப்பே உயிருக்கு முடிவாகிவிடலாம். வாய்க்காலில் முகங்குப்புற விழுந்தவருக்கு முழங்காலளவு நீரே எமனாகும். கிணற்றுக் கட்டில் நின்று நீர் அள்ளும் பெண்ணுக்கும், அடுப்படியில் உலை வைக்கும் தாய்க்கும் உள்ள ஆபத்தும் அத்தகையதே. ஆகவே வலிப்பை அடக்கும் வழி எதுவாயினும், அதனை ஆராய்ந்து அறிந்துகொள்வது இவ்வூரவர்க்கு ஏட்டளவில் நின்றுவிடும் அறிவன்று.

காக்கை வலிப்பு என்று தமிழர் வழங்கும் இந்நோயைச் சூழ்ந்து நின்ற அச்சம் மிகப் பழையது. பேய் பிடித்தது என்றனர் சிலர். செய்வினை என்றனர் சிலர். நூல் கட்டுதலும் தாயத்து அணிவித்தலும் இன்றும் முற்றாக ஒழிந்தில. வலிப்புக் கண்டவரின் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கும் வழக்கத்தை நேயர்கள் அறிவார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுவன. அவ்வாறு அடங்கும் வேளையில் கையில் இரும்பு இருந்தமையால், அடக்கிய பெருமை இரும்புக்குப் போய்ச் சேர்ந்தது! இந்நோய் தெய்வக் குற்றமன்று, மற்றைய நோய்களைப் போல உடலிலே காரணம் உடையது என்று சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க மருத்துவ நூலொன்று வாதித்தது. அவ்வுண்மை ஊர்தோறும் சென்று சேர்வதற்கு இத்தனை நூற்றாண்டுகளும் போதவில்லை.

அவ்வாறாயின் உடலில் உள்ள காரணம் யாது? மனித மூளையிலே கோடானுகோடி நரம்புக் கலங்கள் உள்ளன. அவை மிகச் சிறிய மின் துடிப்புகளாலே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு பெரிய சந்தையிலே ஆயிரம் பேர் ஆயிரம் விடயங்களைப் பேசுவது போன்றது அந்தப் பேச்சு. திடீரென அத்தனை பேரும் ஒரே சொல்லை ஒரே தாளத்தில் உரக்கக் கூவினால் சந்தையில் வேறெந்த அலுவலும் நடவாது. வலிப்பின்போது மூளையில் நிகழ்வதும் அதுவே. நரம்புக் கலங்களின் அளவு மீறிய, திடீரென்ற மின் வெளிப்பாடே வலிப்பு என்னும் கருத்தை இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1870களில் தெளிவாக எடுத்துரைத்தார். ஜேர்மனியின் யேனா நகரிலே ஹான்ஸ் பேர்கர் என்னும் மருத்துவர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு வெளியிட்டார். ஈ.ஈ.ஜி. என்று வைத்தியசாலைகளில் வழங்கும் மூளை மின்வரைவு அவர் தந்த கொடையே.

இன்று உலகில் சுமார் 5 கோடி மக்கள் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் 100க்கு 70 பேர் வரையில், நோயைச் சரிவரக் கண்டறிந்து உரிய மருந்தைக் கொடுத்தால், வலிப்பின்றி வாழக்கூடும் என்பதும் அந்நிறுவனத்தின் முடிபு. 1912ஆம் ஆண்டில் பீனோபாபிற்றோனும், 1938ஆம் ஆண்டில் பெனிற்றோயினும் இந்நோய்க்கு மருந்தாகப் பயன்படத் தொடங்கின. அவற்றின் பின் மேலும் பல வந்துள்ளன. ஆயினும் எம்மருந்துக்கும் வசப்படாத வலிப்புடையோர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உளர். அவர்களுட் சிலருக்கு அறுவைச் சிகிச்சை உதவும். எஞ்சியோர்க்கு வழி என்ன? தன் மூளையைத் தானே பழக்கி வலிப்பை அடக்க மனிதனால் இயலுமா? இவ்வினாவே ஆராய்ச்சியாளர் சிலரை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்கொண்டுள்ளது.

இவ்வினா வெறுங் கற்பனையிற் பிறந்ததன்று. சிலருக்கு வலிப்பு எக்காரணமும் இன்றி வருவதுபோலத் தோன்றினும், வேறு சிலருக்குக் குறித்த ஒரு செயலே அதனை எழுப்புகின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் நிமல் சேனாநாயக்கா, உணவு உண்ணும் வேளையில் வலிப்புக் காணும் நோயாளர் பலரை இலங்கையிலே கண்டறிந்து எழுதினார். சீட்டு, தாம் முதலிய ஆட்டங்களில் மூளையைச் செலுத்தும்போது வலிப்பு எழுவதையும் அவர் 1987ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். தென்னிந்தியாவிலே, சிறப்பாகக் கர்நாடகத்திலே, தலையிற் சூடான நீரை வார்த்து முழுகும்போது வலிப்புக் காண்போர் உளர். பெங்களூர் மருத்துவர்கள் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நீரின் சூட்டைக் குறைத்தலே அவர்களுட் பலருக்கு முதல் மருந்தாக அமைகின்றது. இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். வலிப்பு வருவதும் வராதிருப்பதும் அந்த வேளையில் மூளை இருக்கும் நிலையைப் பொறுத்தன. ஒரு செயல் வலிப்பை எழுப்பவல்லதாயின், மற்றொரு செயல் அதனைத் தடுக்கவும் வல்லதாகலாம் அன்றோ?

இதற்கு விடைபோல அமைந்தது 1950களில் இலண்டனில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி. மேடையிற் பாடும் பெண்மணி ஒருவருக்கு நெடுங்காலமாக வலிப்பு நோய் இருந்தது. வலிப்பு வருமுன், இல்லாத மணம் ஒன்று இருப்பதுபோல அவருக்குத் தோன்றும். றொபேட் எப்ரன் என்னும் மருத்துவர், அந்த முன்னறிகுறி தோன்றியவுடனே வேறொரு கடும் வாசனையை முகரச் செய்தால் வலிப்பு முற்றாமல் நின்றுவிடுவதைக் கண்டார். மல்லிகையின் வாசனை அதற்கு உதவிற்று. பின்னர் அப்பெண்மணி, கையில் அணிந்த வெள்ளிக் காப்பைப் பார்த்துக்கொண்டே மல்லிகை மணத்தை முகர்ந்து பழகினார். சில நாட் பழக்கத்தின்பின் மணம் வேண்டாதாயிற்று. காப்பைப் பார்த்தலே வலிப்பை நிறுத்திற்று. காலப்போக்கில் காப்பை மனத்தில் நினைத்தலே போதியதாயிற்று. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த இச்செய்தி ஒரே ஒருவரைப் பற்றியதுதான். ஆயினும் மூளை வலிப்பைத் தடுக்கக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு அது சான்றாயிற்று.

அடுத்த படி பூனைகளிடமிருந்து வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலே பரி ஸ்ரேர்மன் என்னும் அறிஞர் 1960களில் உறக்கத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். பூனையொன்று நெம்புகோலை அழுத்தினால் அதற்கு உணவு கிடைக்கும். ஆனால் ஓர் ஒலி கேட்கும் வரையில் அழுத்தலாகாது. ஒலி நின்றபின் அழுத்தினாலே உணவு. பூனைகள் இதனை விரைவிற் கற்றன. ஒலி கேட்கும்போது அவை அசையாமல், எனினும் முழு விழிப்புடன், எலியின் வளை முன் காத்திருப்பன போல நின்றன. அவ்வேளையில் உடலசைவை ஆளும் மூளைப் பகுதியிலே செக்கனுக்கு 12 முதல் 15 வரையிலான துடிப்புள்ள ஓர் அலை எழுந்ததை ஸ்ரேர்மன் கண்டார். பின்னர் நெம்புகோலை நீக்கிவிட்டு, அந்த அலை எழுந்தபோதெல்லாம் உணவு கொடுத்தார். பூனைகள் அந்த அலையை வேண்டியபோது எழுப்பவே கற்றுக்கொண்டன.

இதன்பின் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. றொக்கற் எரிபொருளாகப் பயன்படும் ஐதரசீன் இனத்து இரசாயனம் ஒன்று மனிதருக்கு வலிப்பை உண்டாக்கும். அதன் தன்மையை அறிவதற்காகப் பூனைகளுக்கு அதனை ஏற்றிப் பார்க்கும் வேலை ஸ்ரேர்மனிடம் வந்தது. பூனைகள் பலவும் வலிப்புற்றன. ஆனால் முன்னர் அலைப் பயிற்சி பெற்ற பூனைகள் மட்டும் எளிதில் வலிப்புறாமல் நெடுநேரம் தாக்குப்பிடித்தன. உணவுக்காகக் கற்ற பாடம், கற்பித்தவரே எண்ணாத ஒரு காவலாக மாறியிருந்தது.

மனிதருக்கும் இது பயன்படுமா என்று ஸ்ரேர்மன் ஆராய்ந்தார். மருந்துக்கு அடங்காத வலிப்புடைய 23 வயதுப் பெண் ஒருவருக்குப் பயிற்சி அளித்து, அதன் பயனை 1972ஆம் ஆண்டில் வெளியிட்டார். பயிற்சியின் முறை மிக எளியது. தலையில் மின்வாய்களை ஒட்டவைத்து மூளையின் அலைகளைக் கருவி அளக்கும். வேண்டிய அலை எழுந்தால் விளக்கு எரியும், அல்லது ஒலி கேட்கும். வேண்டாத அலை எழுந்தால் அவை நிற்கும். அவ்வளவே. எவ்வாறு செய்வது என்று எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை, சொல்லவும் இயலாது. சைக்கிள் ஓட்டப் பழகும் சிறுவன் உடலை நிமிர்த்தும் வகையை எவ்வாறு தானே கண்டுபிடிக்கின்றானோ, அவ்வாறே மூளையும் கண்டுபிடிக்கின்றது. விளக்கு அதற்குக் கண்ணாடி போன்றது. கண்ணாடி இல்லாதவர் தம் நெற்றியிலுள்ள கறையை எவ்வாறு அறிவார்? நியூரோபீட்பக் என்று இக்காலத்தில் உலகெங்கும் வழங்கும் பயிற்சி இதுவே.

அந்த அலைக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ச்சியாளர் விளக்குகின்றனர். மூளையின் நடுவிலுள்ள தலமசு என்னும் பகுதிக்கும் மேற்பட்டைக்கும் இடையே ஓயாது ஓடும் சுற்றோட்டத்தில் அந்த அலை பிறக்கின்றது. உடலசைவுக்கான தூண்டல்கள் தணிந்திருக்கும் நிலைக்கு அஃது அடையாளம். அந்நிலையைப் பலமுறை பழகிய மூளையிலே, ஓரிடத்தில் எழும் மின்பொறி காட்டுத் தீயாகப் பரவுதல் கடினமாகின்றது.

ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரிலே நீல்ஸ் பிர்பவுமரும் அவருடைய குழுவினரும் வேறொரு வழியைக் கையாண்டனர். மூளை மேற்பட்டையின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல ஏறி இறங்குவது. அது ஒரு திசையிற் சாயும்போது நரம்புக் கலங்கள் கிளர்ச்சி அடைகின்றன. மறு திசையிற் சாயும்போது அடங்குகின்றன. திரையில் நகரும் ஒரு சிறு உருவத்தைப் பார்த்து, அந்தச் சாய்வை ஆள நோயாளர் பழகினர். 1993ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ஆராய்ச்சியில், ஓராண்டுக்கு மேலாகத் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 18 பேருள் 6 பேருக்கு வலிப்பு அறவே நின்றது. 7 பேருக்குக் குறைந்தது. 5 பேருக்குப் பயன் ஒன்றும் இல்லை. இலண்டனில் யோக்கோ நகாய் என்னும் ஆராய்ச்சியாளர் மூளையலைக்குப் பதிலாகக் கையின் தோலிலுள்ள மின்கடத்தலை அளந்து பயிற்சி அளித்தார். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆராய்ச்சியில், மெய்ப் பயிற்சி பெற்ற 10 பேருள் 6 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேலாகக் குறைந்தது. பயிற்சி போலத் தோன்றும் போலிப் பயிற்சி பெற்றவர்க்கு அத்தகைய பயன் கிட்டவில்லை.

மனத்தை அடக்கும் கலையிலே நெடுங்காலப் பழக்கமுடைய இந்தியாவும் இதில் வாளாவிருக்கவில்லை. 1994ஆம் ஆண்டிலும் 1996ஆம் ஆண்டிலும் இந்திய ஆராய்ச்சியாளர் இரு குழுவினர், கருவியின் துணையின்றித் தியானப் பயிற்சி பெற்ற வலிப்பு நோயாளர் பற்றிய ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். அவற்றுள் முன்னையதிலே மருந்துக்கு அடங்காத வலிப்புடைய 11 பேர் நாள்தோறும் 20 நிமிடம், ஓராண்டுக் காலம் தியானம் பழகினர். பின்னையதில் 32 நோயாளர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் தியானம் பழகினர். இன்னொரு குழுவினர் அதுபோன்ற வேறொரு பயிற்சியைச் செய்தனர். மற்றையோர் எதுவும் செய்யவில்லை. இரு ஆராய்ச்சிகளிலும் தியானம் பழகியோர்க்கு வலிப்பு குறைந்தமை காணப்பட்டது.

இவற்றை எல்லாம் கேட்போர், மருந்தை வீசிவிட்டுப் பயிற்சியை நாடலாம் என்று எண்ணுவாராயின், அதனினும் பெரிய தவறு வேறில்லை. 2009ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர், அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகள் 63ஐத் திரட்டினர். அவற்றுள் கணக்கிற் சேர்க்கத்தக்க விபரங்களைக் கொண்டிருந்தவை 10 மட்டுமே. அந்தப் பத்திலும் கூடிப் பயின்றவர்கள் 87 பேர். அவர்களுள் 64 பேருக்கு, அஃதாவது 100க்கு 74 பேருக்கு, வலிப்பு குறைந்தது. மருந்துக்கு அடங்காதவர்களிடத்தே கண்ட பயனாதலால் இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் 87 பேர் என்பது சிறு தொகை. குறைந்தது என்பதும் நின்றது என்பதும் ஒன்றல்ல. பயிற்சியோ பல வாரங்கள், பல மாதங்கள் இருந்து கற்கவேண்டியது. கருவியும் தேர்ந்த பயிற்சியாளரும் வேண்டும். இப்பயிற்சி பெற்றோரும் பொதுவாகத் தம் மருந்தை உட்கொண்டபடியே பயின்றனர். ஆகவே இது மருந்துக்குத் துணையாக நிற்கக்கூடியதேயன்றி, மருந்தின் இடத்தைப் பிடிப்பதன்று. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், ஓயாமல் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிரையே வாங்கிவிடக்கூடும்.

அவ்வாறாயின், மூளையலைப் பயிற்சிக் கருவியைக் கண்ணாலும் காணாத மூதூர் மக்களுக்கு இவ்வாராய்ச்சியாற் பயன் யாது? பயன் உண்டு. மூளை பழக்கத்துக்குப் பணியும் என்பதே இவ்வாராய்ச்சிகள் எல்லாம் சொல்லும் செய்தி. அப்பழக்கங்களுட் பல கருவியின்றியே கைக்கொள்ளத்தக்கன.

முதலாவது, உறக்கம். உறக்கக் குறைவு வலிப்பை அழைத்து வருவது. இரவு முழுதும் கடலில் நின்று விடியலில் கரைசேரும் தொழிலாளி, பகலிலாவது குறைவின்றி உறங்கவேண்டும். வலிப்பு அடங்காதவராயின் கடற்றொழிலைவிட்டுக் கரைத் தொழிலை நாடுவதே அறிவுடைமை. சிவராத்திரியன்று கண் விழித்தலை இந்நோயாளர் தவிர்க்கலாம். பக்திக்கு அதனாற் குறைவில்லை.

இரண்டாவது, மருந்தின் ஒழுங்கு. நோன்பு மாதத்திலே பகல் மருந்தை விட்டுவிடுவோரும், வேளையைத் தாமே மாற்றிக்கொள்வோரும் உளர். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்களின் முன்னரே வைத்தியரைக் கண்டு, ஸஹர் வேளைக்கும் இப்தார் வேளைக்கும் ஏற்பச் சில மருந்துகளை அமைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டறிதல் வேண்டும். இயலாது என்று வைத்தியர் கூறினால், நோயுற்றவர்க்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை நாணமின்றி ஏற்றுக்கொள்ளலாம். கருவுற விரும்பும் பெண்களும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும். குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடிய வல்புரோயேற் போன்ற மருந்துகளும் உள. அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசமாகவே வழங்கப்படுகின்றது. முன்னர் கடல்வழியே சென்றுவந்த திருகோணமலைக்கு, 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலமும் பின்னர் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டபின் தரைவழி எளிதாயிற்று. தூரம் என்னும் சாட்டு இனி எடுபடாது.

மூன்றாவது, முன்னறிகுறியைக் கவனித்தல். இலண்டன் பாடகியைப் போலச் சிலருக்கு வலிப்பு வருமுன் மணமோ, வயிற்றில் ஒரு கிளர்ச்சியோ, காரணமில்லாத அச்சமோ தோன்றும். அதனை இனங்கண்டவர் உடனே அடுப்பையும் கிணற்றையும் விட்டு விலகி நிலத்தில் அமர்ந்துகொள்ளலாம். வலிப்பு வந்த நாள், வேளை, அதற்கு முதல் இரவின் உறக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வருதலும் நன்று. வைத்தியருக்கு அதனைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

பாடசாலைகளின் பங்கும் சிறிதன்று. வகுப்பில் இருக்கும் பிள்ளை சில செக்கன் நேரம் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல மீண்டும் எழுதத் தொடங்கும். ஒரு நாளிற் பலமுறை இவ்வாறு நிகழும். பராக்குப் பார்க்கின்றது என்று ஆசிரியர் ஏசுவார், அடிப்பவரும் உண்டு. அதுவும் ஒருவகை வலிப்பே. அவ்வேளையில் மூளையின் அலை செக்கனுக்கு மூன்று முறை கூராக எழுந்து விழுவதை 1935ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்து காட்டினர். உரிய மருந்தால் பெரும்பாலும் அடங்கக்கூடிய ஒரு நோய்க்குத் தண்டனை பெறும் பிள்ளை எத்துணை பரிதாபத்துக்குரியது! நோய் வெளிப்பட்டபின் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்துவிடுதல் அதனினும் கொடிது. வலிப்பு நோயாளரிற் பலருக்கு அறிவாற்றலிலே குறைவேதும் இல்லை. சிறு உதவியோடு மற்றப் பிள்ளைகளைப் போலவே அவர்கள் படித்து முன்னேறுவர்.

வகுப்பிலோ தெருவிலோ ஒருவர் வலிப்புற்று விழுந்தால் செய்யவேண்டியவை சிலவே. சூழ்ந்து நிற்போரை விலக்கவேண்டும். தலையின் கீழ் மெதுவான துணி ஒன்றை வைக்கவேண்டும். கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. வாயினுள் கரண்டியோ, விரலோ, நீரோ எதுவும் புகுத்தலாகாது. இரும்பும் வேண்டியதில்லை. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஐந்து நிமிடத்தின் மேலும் வலிப்பு நீடித்தாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ, நீரினுள் விழுந்து வலிப்புற்றாலோ தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

இனி எஞ்சி நிற்பது வெட்கம். இந்நோய் உள்ளதென்று தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை கிடையாது என்றஞ்சி, மருந்தையும் நோயையும் மறைப்போர் இன்றும் உளர். இந்தியாவிலே திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டில் அச்சொல்லைப் பாராளுமன்றம் நீக்கிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை நீக்கப் பாராளுமன்றத்தால் இயலும். மக்கள் மனத்திலிருந்து அதனை நீக்க அயலவராலும் உறவினராலுமே இயலும். மறைத்த மருந்து வேளை தவறும். வேளை தவறிய மருந்து வலிப்பைக் கொணரும். வலிப்பு வந்தபின் மறைக்க ஒன்றும் இராது.

உணவுக்காகக் காத்து நின்ற பூனையின் மூளை ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றது. வெள்ளிக் காப்பைப் பார்த்திருந்த பெண்ணின் மூளையும் கற்றது. காலங்காலமாக இந்நோயைப் பேயென்று கற்று வந்த ஊரும் புதிய பாடமொன்றைக் கற்க இயலாததன்று. தன் பிள்ளைக்கு வலிப்பு உண்டென்று ஒரு தாய் அயல்வீட்டாரிடம் கூசாமற் சொல்லும் நாளில், அந்தப் பிள்ளையின் மருந்து வேளை தவறாது. பள்ளிப் படிப்பும் நிற்காது. கிணற்றடிக்கு அப்பிள்ளை தனியே செல்லவும் நேராது.